அர்ச்சுனனுக்குப் பின்னால் ஒருவர்

அர்ச்சுனன் மெதுவாகத்தான் சைக்கிள் ஓட்டுவார். மலேசியாவில் சாஆ என்ற சிற்றூர்ப் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, இளவயதிலேயே வேலை தேடி ஜொகூர் பாருவுக்கு வந்தவர். அந்த நகரின் தம்போய்ப் பகுதியில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து தாண்டியதும் சர்க்கரை ஏறிவிட்டது. உடம்பை அசைக்காவிட்டால் காலை எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் பயமுறுத்தினார். பக்கத்து வீட்டுச் செல்வா தன்னிடம் சும்மா கிடந்த பழைய மலைச் சைக்கிளைக் கொண்டுவந்து அவர் வாசலில் நிறுத்தினான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு காட்டுப் பாதைகளில் ஓட்டப் போவது செல்வாவின் வழக்கம். அர்ச்சுனனால் அவர்களுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. முதல் சில வாரம் எல்லாரும் கீழே காத்திருக்க, அவர் கடைசியில் வந்து சேர்வார். வெட்கமாக இருக்கும். பிறகு அதுவே அவருடைய வேலையாகிவிட்டது. கூட்டத்தின் வாலில் வருகிற ஆளுக்கு 'ஸ்வீப்பர்' என்று பெயர். அவர் யாரையும் முந்தக்கூடாது. விழுந்தவரைத் தூக்கி, அறுந்த சங்கிலியை மாட்டி, மூச்சு வாங்குகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாரையும் முன்னால் விட்டுத்தான் அவர் இறங்க வேண்டும்.

"தோட்டத்துல எங்கம்மா கூட்டுனாங்க, இங்க நீங்க ஸ்வீப்பரா?" என்று மனைவி செல்லம் கேலி செய்தாள். அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த வேலையை அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. முதுகுப்பையில் பம்பு, மருந்துத் துணி, உப்பு கரைத்த தண்ணீர், விசில் எல்லாம் இருக்கும். அடிவாரத்துக்கு வந்ததும், "என் பின்னால யாரும் இல்ல" என்பார். அதைக் கேட்ட பிறகுதான் செல்வா வண்டிகளில் சைக்கிள்களை ஏற்றச் சொல்வான். ஏழெட்டு வருஷத்தில் அந்த வார்த்தை ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை.

கமலநாதன் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தது போன வருஷம். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்து வம்சாவளி, மிகவும் மரியாதைக்காரர். எல்லாரும் 'சார்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் மெதுவாகத்தான் ஓட்டுவார் என்பதால் பெரும்பாலும் அர்ச்சுனனுக்குக் கொஞ்சம் முன்னால்தான் வருவார். இருவரும் அதிகம் பேசிக்கொள்ளமாட்டார்கள். ஏற்றத்தில் இறங்கித் தள்ளும்போது ஒருவருக்கொருவர் துணை.

அன்று குளுவாங் ஊருக்கு அப்பால் உள்ள ஒரு மலைக்குப் போனார்கள். முன்பு மரலாரிகள் ஏறிய பாதை முகடு வரை போகும். முகட்டின் ஒரு பக்கம் பாதுகாக்கப்பட்ட காடு. யாரும் நுழையக்கூடாது என்று வனத்துறை பலகை வைத்திருந்தது. மறுபக்கம் ஒற்றையடிப் பாதையாக வளைந்து வளைந்து செம்பனைக்குள் இறங்கும். விடிந்ததும் ஏறத் தொடங்கினார்கள். முகட்டில் மேகம் மரங்களுக்குள்ளேயே நின்றது. கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவர்கூட மங்கலாகத் தெரிந்தார்.

உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு இறங்கத் தொடங்கியபோது ரூபினி என்ற பெண்ணின் சக்கரம் பஞ்சராகியிருந்தது. அர்ச்சுனன் டியூப்பை மாற்ற உட்கார்ந்தார்.

"நான் மெல்லப் போய்க்கொண்டிருக்கிறன் அர்ச்சுனன். நீங்கள் வாங்கோ" என்றார் கமலநாதன்.

"போங்க சார். பாத்துப் போங்க, வேர் வழுக்கும்."

வேலை முடிந்ததும் ரூபினியை முன்னால் விட்டு அர்ச்சுனன் பின்னால் இறங்கினார். வழியில் யாரையும் பார்க்கவில்லை. சார் இன்றைக்கு நன்றாக ஓட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டார்.

அடிவாரத்தில் வழக்கம்போல், "என் பின்னால யாரும் இல்ல" என்றார்.

செல்வா அவருக்குப் பின்னால் பாதையைப் பார்த்தான். "சார் எங்கண்ணே?"

"எனக்கு முன்னாடியே எறங்கிட்டாருலா."

"வரலியே அண்ணே. நாங்க எல்லாரும் இங்கதான் நிக்கிறோம்."

பாதையின் கீழ்ப்பாதியில் ஒரு கிளை பிரிந்து தோட்டத்துக்குள் போகிறது. தப்பாக அதில் திரும்பியிருப்பார் என்று பட்டது. சிலர் அங்கே ஓடினார்கள். கைப்பேசி எடுபடவில்லை. மதியம் கடந்தது. செல்வா போலீசுக்கும் பொம்பா தீயணைப்பு மீட்புப் படைக்கும் சொன்னான். மீட்புக் குழு வந்து இறங்கியபோது மழை கொட்டத் தொடங்கியிருந்தது.

அதிகாரி வரைபடத்தை விரித்து, கடைசியாக அவரைப் பார்த்தது யார் என்று மலாய் மொழியில் கேட்டார். அர்ச்சுனன் முன்னால் வந்தார். முகட்டிலிருந்து கமலநாதன் தனக்கு முன்னே கிளம்பியதைச் சொன்னார். அவர் இன்னும் மேலே இருக்க வாய்ப்பு உண்டா என்று அதிகாரி கேட்டார்.

"இல்லை. நான்தான் கடைசி ஆள். எனக்குப் பின்னால் யாரும் இல்லை" என்றார் அர்ச்சுனன்.

அதிகாரி இன்னொரு முறை கேட்டார். அர்ச்சுனன் இன்னும் உறுதியாகச் சொன்னார். தேடும் குழுக்கள் கீழே, தோட்டத்துப் பக்கம் போயின.

அர்ச்சுனன் வீட்டுக்குப் போகவில்லை. கிடங்கில் விடுப்புச் சொல்லிவிட்டு மீட்புக் குழுவோடேயே இருந்தார். செம்பனை வரிசைகளிலும் சதுப்பிலும் விசில் ஊதிக்கொண்டும் சாரைக் கூப்பிட்டுக்கொண்டும் நடந்தார். அடுத்த நாள் முழுக்கவும், அதற்கடுத்த நாளும் அப்படியே போயின. தொண்டை கட்டிக் குரலே வரவில்லை. அட்டைக்கடியில் காலுறை நனைந்து சிவந்தது. செல்லம் சோறு கட்டி அனுப்பியதைப் பிரிக்கக்கூட இல்லை.

தேடலில் உதவ வந்திருந்த ஓராங் அஸ்லி பூர்வகுடிகளில் ஒருவர், கீழே ஒரு தடமும் இல்லையே என்று தாமாகவே மேலே ஏறிப் போனார். முகட்டிலிருந்து கொஞ்சம் இறங்கியதும் ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் சைக்கிள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஈர இலைகள் அதன்மேல் ஒட்டியிருந்தன.

நடந்ததை யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. கமலநாதன் ஒதுங்கப் போயிருக்கிறார். குறுகலான பாதையில் பின்னால் வருகிறவர்கள் மோதிவிடக்கூடாதே என்று சைக்கிளையும் உள்ளே இழுத்து வைத்திருக்கிறார். கூச்சம் உள்ளவர், நன்றாக உள்ளே போயிருக்கிறார். அந்த நேரத்தில்தான் ரூபினியும் அர்ச்சுனனும் அந்த மரத்தைக் கடந்திருக்கிறார்கள். திரும்பும்போது மேகத்தில் அவருக்குத் திசை தவறிவிட்டது.

செய்தியைக் கேட்டதும் அர்ச்சுனன் நின்ற இடத்திலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். செல்வா தூக்கிவிடப் பார்த்தான். அவர் கையை உதறினார்.

முகட்டுக்கு அந்தப்புறம், பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள், ஓர் ஓடைப் பள்ளத்தில் உடல் கிடைத்தது. சரிவில் விழுந்து கால் முறிந்திருந்தது. விழுந்த பிறகும் இரண்டு நாள் உயிரோடு இருந்திருக்கலாம் என்று பரிசோதித்த டாக்டர் சொன்னார்.

சவ ஊர்வலத்துக்கு அர்ச்சுனன் போனார். ஆனால் வீட்டுக்குள் போகவில்லை. சாலையின் எதிர்ப்பக்கம் நின்றுவிட்டுத் திரும்பினார். முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த பிறகு கமலநாதனின் மனைவி அன்னலட்சுமி அவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். செல்வாதான் காரில் கூட்டிப் போனான்.

"அண்ணே, அந்த ஆபீசர்கிட்ட நீங்க சொன்னது அவங்களுக்குத் தெரியாது. நீங்களா எதுவும் சொல்லாதீங்க. சொல்லி என்ன ஆகப்போவுது?" என்றான் வழியில்.



அன்னலட்சுமி வெள்ளைச் சேலையில் கூடத்து நாற்காலியில் இருந்தார். தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். பிறகு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அன்றைக்குக் காலமை அவர் உங்களோட என்ன கதைச்சவர்?"

அர்ச்சுனன் யோசித்தார். "ஏறும்போது முழங்கால் வலிக்குதுன்னாரும்மா. மேல உக்காந்து பிஸ்கட் சாப்ட்டாரு. எனக்குக் குடுத்தாரு, எனக்குச் சர்க்கரைன்னேன். அப்ப நான் திங்கிறது உங்களுக்கு ஆசையா இருக்கும்னு அந்தப் பக்கம் திரும்பி உக்காந்து சாப்ட்டாரு. அப்புறம், மெல்லப் போறேன்னு சொல்லிட்டுக் கெளம்பினாரு."

"திரும்பி இருந்தோ சாப்பிட்டவர்?"

"ஆமாம்மா."

அன்னலட்சுமியின் முகம் ஒரு கணம் இளகியது. இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அர்ச்சுனன் சொன்னார்.

"எனக்கு ஒன்று விளங்கேல்லை" என்றார் அன்னலட்சுமி. "சைக்கிள் மேலே இருந்திருக்கு. அவரும் அந்தப் பக்கம்தான். பிறகேன் இரண்டு நாளும் கீழே தேடினவை?"

செல்வா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான். "மழைம்மா, ரொம்ப மழை. அதனால..."

"நான்தான் சொன்னேன்மா" என்றார் அர்ச்சுனன். "சாரு மேல இருக்கமாட்டாரு, எனக்குப் பின்னால யாரும் இல்லன்னு சொன்னேன். அந்த ஆபீசர் ரெண்டு தடவ கேட்டாரு. ரெண்டு தடவயும் அதத்தான் சொன்னேன். என் பேச்ச நம்பித்தான் கீழ தேடுனாங்க."

அன்னலட்சுமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை.

"உங்களுக்குத் தெரியாதுதானே" என்றார் கடைசியில்.

"தெரியாதும்மா. தெரியாதுன்னு சொல்லியிருக்கணும்."

"ஓம். சொல்லியிருக்க வேணும்." சேலைத் தலைப்பைக் கையில் சுற்றினார். "மறைக்காமல் சொன்னீங்கள். அது பெரிய காரியம்தான். ஆனால் நீங்கள் இனி இங்கே வர வேண்டாம். உங்களைப் பார்த்தால் எனக்கு அந்த இரண்டு நாளும்தான் நினைவுக்கு வரும். கோபத்தில் சொல்லேல்லை."

அர்ச்சுனன் எழுந்து கும்பிட்டார். வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

வனத்துறை அந்தப் பாதையை மூடிவிட்டது. கொஞ்ச மாதம் கழித்துச் செல்வா வேறொரு மலைக்கு ஆட்களைச் சேர்த்தான். இப்போது எல்லார் சைக்கிளிலும் இருக்குமிடம் காட்டும் கருவி இருந்தது. அர்ச்சுனனையும் வற்புறுத்தி அழைத்தான். செல்லமும், "போய்ட்டு வாங்க. வீட்டுலயே கெடந்தா ஒடம்பு கெட்டுப்போவுது" என்றாள். ஒருமுறை போனார். கூட்டத்தின் நடுவில் ஓட்டச் சொன்னார்கள். கொஞ்ச தூரம் போவதற்குள் நின்று நின்று பின்னால் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு நின்றார்கள். ஏற்றம் தொடங்கும் இடத்திலேயே, எனக்கு முடியலப்பா என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு காருக்கு வந்துவிட்டார்.

அதோடு சரி. அந்த வருஷக் கடைசியில் அவருடைய வலது கால் பெருவிரலில் புண் வந்தது. ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் அந்த விரலை எடுத்துவிட்டார்கள். கட்டு அவிழ்த்த பிறகு கிடங்கில் அவரைக் கதவுப் பக்கம் உட்கார்ந்து சாமான் சரிபார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள்.

சைக்கிளைச் செல்வா திரும்ப எடுத்துக்கொள்ள வந்தபோது, செல்லம் அதை அவர் கண்ணில் படாமல் பின்வாசல் வழியாகக் கொடுத்தனுப்பினாள். அவர் உள்ளேதான் இருந்தார். சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டிருக்கும். தொலைக்காட்சிச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டார்.