கடைசித் தாளுக்கு நான் செய்த சேவை

போன சனிக்கிழமை இத்தாலிக்காரர் ஒருவரைத் தரையில் உட்கார வைத்துவிட்டேன். நாற்காலி பக்கத்தில்தான் இருந்தது. அதுவரை கால் தாங்கவில்லை, பாவம்!

அல் ஐனில் பெரிய அரபு வீடு ஒன்றின் நூலகத்தில் எனக்கு டைப்பிஸ்ட் டியூட்டி. அங்குள்ள பழைய கையெழுத்துப் புத்தகங்களுக்கு அட்டவணை தயாரிக்க வந்த நூலகர்தான் இந்த இத்தாலிக்காரர். ஆறு மொழி அறிந்த அறிஞர். இரண்டு மாதமாக ஒரே புத்தகத்தோடு மல்லாடிக்கொண்டிருந்தார் — நட்சத்திரம் பார்த்துக் கப்பல் ஓட்டுவது பற்றி எவனோ ஒரு மாலுமி எழுதியது. யார் அவன்? எங்கேயும் குறிப்பில்லை.

அன்று காலைதான், அட்டைக்குள் ஒட்டிக் கிடந்த கடைசித் தாள் கிடைத்தது. அடியில் மங்கலாக அவன் பெயர்!

"தபாலில் புதுப் பூதக்கண்ணாடி வந்திருக்கிறது. போய் வாங்கி வந்து படிக்கிறேன். தாள் பத்திரம்" என்று சொல்லிவிட்டுத் துள்ளிக்கொண்டு போனார்.

பத்திரம்... வளைகுடாவில் நமக்குப் பத்திரம் என்றால் என்ன? லேபர் கார்டு, லைசென்ஸ், முருகன் படம் — எல்லாமே லேமினேஷன்தானே! எதிர்க்கடைக்கு ஓடினேன். அங்கே மெஷின் ஓட்டுவது முதுகுளத்தூர் முனியசாமி.

"என்னண்ணே, அப்பளத்தக் கொண்டாந்திருக்கீக?"

"பழைய தாளுடா. தொட்டா உதிருது. பாத்துப் போடு."

"விடுங்க. நீங்க செத்தாலும் இது சாகாது."

சூடான ரோலருக்குள் போன தாள் பளபளவென்று வெளியே வந்தது. அடி வரி மட்டும் கறுப்பாகப் பொரிந்திருந்தது.

"லேசாத் தீஞ்சிருச்சு. மத்ததெல்லாம் சூப்பர்ணே!"

பாராட்டுவார் என்று நம்பித்தான் நீட்டினேன், சத்தியமாக! அப்போது உட்கார்ந்தவர்தான்... பிளாஸ்டிக்கின் மேல் விரலை வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார்.

"இந்தப் பெயர் உலகத்தில் வேறெங்குமே இல்லை" என்றார். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

நான் எதைக் கருக்கினேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

வெகுநேரம் கழித்து எழுந்து பேனாவைத் திறந்தார்.

"உன் முழுப் பெயர்? அப்பா பெயர்?"

கலாஸ், எல்லாம் முடிந்தது! விசா கொடுத்த முதலாளி கஃபீலுக்குக் கடிதம், விசா கேன்சல், அடுத்த விமானம்... எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.

எழுதி முடித்து, "டைப் செய்" என்று நீட்டினார். கடிதமில்லை, அட்டவணைக் கார்டு! புத்தகத்துக்கு நேர்ந்த ஒவ்வொரு சேதத்தையும் ஒளிக்காமல் பதிவது அவர்கள் தொழில் தர்மமாம். பூச்சி அரித்தது, தண்ணீர் பட்டது... அதற்குக் கீழே இரண்டு வரி.

எழுதியவர்: பெயர் தெரியவில்லை.

அழித்தவர்: என் பெயர், அப்பா பெயரோடு.

டைப் செய்து கொடுத்தேன். ஒரு பிழைகூட இல்லை.