கண்ணாடிக் கூட்டில் ஏழு கதவுகள்

அந்த அலுவலகக் கட்டடத்தைப் பராமரிக்கும் அக்காவுக்கு மூக்குக்கண்ணாடி கிடையாது. ஆனால் சீருடைப் பையில் ஒரு கண்ணாடிக் கூடு எப்போதும் இருக்கும். யாரும் கேட்டதில்லை. நாற்பதைத் தாண்டியவள் பையில் கண்ணாடிக் கூடு இருந்தால் கேட்க என்ன இருக்கிறது?

உள்ளே இருந்தது உள்ளங்கை அளவு கருவி. கதவு அட்டையைக் காட்டினால் படித்து வைத்துக்கொண்டு, பிறகு அட்டையின் வேலையைத் தானே செய்யும். ஏசி, டிவி ரிமோட்டாகவும் ஆகும். அலுவலகம் அவளுக்குக் கொடுத்த அட்டைகள் ஏழு. கழுத்தில் மாட்டி மாட்டிப் பிடரி கெட்டுப்போனது. ஏழையும் கருவிக்குள் ஏற்றிவிட்டு, அட்டைக் கொத்தைத் தரைத்தளத்துச் சாமான் அறை இழுப்பறையில் போட்டாள். அடுத்தவர் அட்டை எதையும் அதில் வைத்ததில்லை. மாமனார் அலறவிடும் டிவியைப் படுத்த இடத்திலிருந்தே குறைப்பதுதான் அதை வைத்து அவள் செய்த ஒரே திருட்டு.

மறைத்து வைக்கச் சொன்னது அதை வாங்கிக் கொடுத்த அவள் தம்பி. ஊரில் இதைத் திருட்டுச் சாமான் என்றுதான் நினைப்பார்கள், மாட்டினால் ஜாமீனுக்குத் தன்னைக் கூப்பிடக் கூடாது என்றான்.

புதிதாக வந்த பாதுகாப்பு சூப்பர்வைசரும் அப்படித்தான் நினைத்தார். அந்த மாதிரிக் கருவியோடு யாராவது உள்ளே வந்தால் வேலை போகும் என்று அறிவித்தார். கணவன் இடுப்பொடிந்து படுத்த பிறகு அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. மறுநாள் கொத்தை மாட்டிக்கொண்டாள். மதியத்துக்குள் பிடரி விண்விண்ணென்றது. கொத்து இழுப்பறைக்கே திரும்பியது.

ஒரு நாள் லிஃப்ட் நின்றுபோனது. அன்று பார்த்து நாலாம் மாடிக் கோப்பறையில், கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் கணக்கு அம்மா மாட்டிக்கொண்டார். அந்தக் கதவுக்கு வெளியே வரவும் அட்டை வேண்டும். அவர் அட்டையை பேன்ட் பின்பாக்கெட்டில் வைத்து, உள்ளே போய் உட்கார்ந்தே ஒடித்திருந்தார். அக்கா மூச்சிரைக்க ஏறி வந்தபோது சூப்பர்வைசர் கதவருகே கையைப் பிசைந்துகொண்டிருந்தார். புதியவர் என்பதால் அவர் அட்டை இன்னும் அந்தக் கதவுக்குப் பதியவில்லை. அவளுடையது எங்கே என்று கேட்டார்.

கீழே இருந்தது. நாலு மாடி இறங்கி மறுபடி ஏற வேண்டும். வேலை போகும் என்று அவளுக்குத் தெரிந்தது. இந்த முட்டியோடு இறங்க முடியாது என்பது அதைவிட நன்றாகத் தெரிந்தது. கண்ணாடிக் கூட்டைத் திறந்து, கருவியைப் பூட்டில் காட்டினாள்.

கணக்கு அம்மா வியர்த்து வழிந்தபடி வெளியே வந்தார்.

"நான் உள்ளே வெந்துக்கிட்டிருக்கேன், நீங்க ரெண்டு பேரும் வெளியே நின்னு சம்பந்தம் பேசிக்கிட்டிருந்தீங்களா?"

சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. கையை நீட்டினார். கொடுத்தாள்.

"இதுல யார் யாரோட அட்டை இருக்கு?"

"எனக்குக் கொடுத்த ஏழுதான் சார். கழுத்து வலிக்குது."

காலையில் வந்து பார்க்கச் சொன்னார்.

வீட்டில் டிவி அலறியது. குறைக்கக் கையில் ஒன்றும் இல்லை. கணவனிடம் சொன்னபோது அவன் கூரையைப் பார்த்தபடி, சரி சாப்பிடு என்றான்.

காலையில் கொத்தை மாட்டிக்கொண்டு மறுபடி நாலு மாடி ஏறிச் சூப்பர்வைசர் அறைக்குப் போனாள். கருவியிலிருந்த ஏழையும் அவர் சரிபார்த்திருந்தார். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அந்த அறையின் ஏசி ரிமோட் தொலைந்து வெகுநாளாயிற்று.

"இதுல ஏசி எங்கேக்கா இருக்கு?"

காட்டினாள். அறை குளிர்ந்ததும் கருவியைக் கூட்டில் வைத்து நீட்டினார்.

"நான் எதையும் பார்க்கலை. யார் கண்ணுலயும் படாம வச்சுக்குங்க."

வேலை தப்பியது. கொத்தை இழுப்பறையில் போட்டுவிட்டுச் சற்று உட்கார்ந்தாள். மேலே குளிர் அதிகமாகிவிட்டதாம், குறைத்துவிட்டுப் போகச் சொன்னாராம் சூப்பர்வைசர். காவலாளி வந்து சொன்னான்.

லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.