பட்டை இடிக்கிற சத்தத்தில் நடந்த அப்பா

முட்டிவலிக்காகப் போன வாரம் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். என் முறை வருவதற்குள் தாழ்வாரத்தில் ஒரு காட்சி. வாட்டசாட்டமான மனிதர் ஒருவர் கதவு நிலை வரைக்கும் நடந்து வந்து அங்கேயே நின்றுவிட்டார். காலைத் தூக்கப் பார்க்கிறார், கால் வரவில்லை. கூட வந்த சின்னப்பெண் பதறாமல் பக்கத்தில் நின்று ஒரே சீராகக் கைதட்டினாள். கொஞ்ச நேரத்தில் அவர் கால் எழும்பியது. தட்டுக்கு ஓர் அடியாக வைத்து உள்ளே போய்விட்டார். என் வாய் சும்மா இருக்குமா? "அடுத்த தபா இன்னும் பலமா தட்டும்மா, காதுல வுழணும் இல்ல?" என்று யோசனை சொன்னேன். அவள் சிரித்தாள். "இதுக்குப் பேரு நடுக்குவாதம்மா. தாளம் கேட்டா கால் வந்துடும்."

பேர் தெரிந்துகொள்ள எனக்கு இத்தனை வயது ஆகியிருக்கிறது. எங்கள் ஆம்பூர்த் தெருவில் அதற்குப் பேர் கிடையாது. 'கால் மறந்து போச்சு' என்பார்கள், அவ்வளவுதான். என் அப்பாவுக்குக் கால் மறந்து போயிருந்தது.

பினாயில் நெடி அடிக்கிற அந்தத் தாழ்வாரத்தில் எனக்கு ஆவாரம்பட்டை வாசனை வந்தது என்றால் நம்புவீர்களோ என்னவோ. தோல் பதனிடுகிற ஷாப்பு பக்கத்தில் பிறந்தவர்களின் மூக்கே தனி. பச்சைத்தோல் ஊறுகிற சுண்ணாம்புக் குழி நாற்றத்தைக் கண்டுகொள்ளாது, பட்டை வாசனைக்கு மட்டும் விரியும். தோலைப் பதம் பண்ண ஆவாரம்பட்டையை இடித்துத் தொட்டியில் ஊறப் போடுவார்கள். இடிப்பது பெண்களின் வேலை. நீளமான கொட்டகை, வரிசையாக உரல்கள். உலக்கை விழும்போதெல்லாம் எல்லோரும் சேர்ந்து 'ஹுஸ்' என்று மூச்சு விடுவார்கள். அம்மாவுக்கு அந்தக் கொட்டகையில்தான் வேலை. அப்பா முதலில் தோலில் சதை வழிக்கிறவராக இருந்தார். கை நடுங்க ஆரம்பித்ததும் மேஸ்திரி கத்தியை வாங்கிக்கொண்டு, இடித்த தூளைக் கூடையில் அள்ளித் தொட்டிக்குக் கொண்டுபோகிற வேலைக்கு அனுப்பிவிட்டார்.

அங்கேதான் அம்மா ஒன்றைக் கவனித்தார். வீட்டு வாசற்படியில் நட்டுவைத்தது மாதிரி நிற்கிற மனுஷன், கொட்டகைக்குள் கூடையோடு விறுவிறுவென்று போகிறார், வருகிறார். சாப்பாட்டு வேளைக்கு உலக்கைகள் ஓய்ந்தால் அவரும் பாதி வழியில் நின்றுவிடுகிறார். அன்றிலிருந்து வீட்டிலும் அதுதான் வைத்தியம். அப்பா நின்றால் அம்மா முறத்தைத் தட்டுவார். "வாயா, வா... ஹுஸ்... ஹுஸ்..." அப்பா வந்துவிடுவார்.

ஆனால் வெளியார் முன்னால் முறத்தைத் தட்ட முடியுமா? பேர்ணாம்பட்டிலிருந்து என்னைப் பெண்பார்க்க வந்தவர்களை வரவேற்க அப்பா எழுந்து போனார். வாசல்நிலை வந்தது, நின்றுவிட்டார். கும்பிடத் தூக்கிய கை நெஞ்சோடு நடுங்கிக்கொண்டிருந்தது, வாயில் வார்த்தை வரவில்லை. வந்தவர்கள் தெருவிலேயே நின்று பார்த்தார்கள். "வூட்டுக்காரரு வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லல, படி எறங்கல. பொண்ணு குடுக்க இஷ்டமில்ல போல" என்று திரும்பிப் போய்விட்டார்கள். அப்பா குடித்திருந்தார் என்று ஒரு பேச்சு. கள் வாசனைக்கே முகம் சுளிப்பவர் அவர். அதைவிடப் பெரிய பேச்சு, அப்பனுக்கு இருப்பது மகளுக்கும் வரும் என்பது. அதைக் கேட்ட பிறகு நான் ஒவ்வொரு படியையும் பயந்து பயந்து தாண்டினேன். சிரிக்காதீர்கள், வயது அப்படி.

அடுத்து வந்தது சத்துவாச்சாரி இடம். மாப்பிள்ளை வாத்தியார். இந்தத் தடவை அம்மா முந்திக்கொண்டார். அவர்கள் வருவதற்கு வெகுநேரம் முன்பே அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டுக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டார். மாப்பிள்ளையே அவர்தான் என்பதுபோல உட்கார்ந்திருந்தார், பாவம். மாப்பிள்ளையின் தாயார் அவரையே பார்த்துவிட்டு, "சம்மந்தி எழுந்திருக்க மாட்டாரா?" என்றார். "முட்டி வலிங்க" என்றார் அம்மா. அந்தப் பொய்க்குத்தான் இப்போது என் முட்டி வலிக்கிறதோ என்னவோ.

கல்யாணம் நிச்சயமானது. எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் கிறிஸ்தவக் கோயில் வழக்கப்படி தகப்பன்தான் பெண்ணின் கையைப் பிடித்துப் பீடம் வரை கூட்டிப்போக வேண்டும். மாமாவை அனுப்பலாம் என்றால், அப்பன் உயிரோடு இருக்கையில் மாமன் எதற்கு என்ற கேள்வி வரும். வீட்டிலிருந்து கோயில் வாசல் வரைக்கும் பயமில்லை, மேளம் இருக்கிறது, அப்பா அதற்கு நடந்துவிடுவார். மேளம் வாசலோடு நின்றுவிடும். உள்ளே என்ன செய்வது? "நான் நின்னுட்டன்னா இன்னாம்மா பண்ணுவ?" என்று அப்பாவே கேட்டார்.

அம்மாதான் வழி கண்டுபிடித்தார். எனக்குக் கெட்டி அடித்தோலில் செருப்பு, குதியில் இரும்பு லாடம். நான் டக் டக்கென்று நடக்க, அப்பா கூடவே வர வேண்டியது. முற்றத்தில் நடந்து பார்த்தோம். அழகாக வந்தார். தெருவே வந்து பார்த்து, பேஷ் என்று சொல்லிவிட்டுப் போனது.

கல்யாணத்தன்று கோயில் படியேறினால், வாசல்காரர் கையை நீட்டித் தடுக்கிறார். "செருப்பக் கயட்டிட்டுப் போம்மா."

எங்களுக்கு அது தோன்றவே இல்லை! தோன்றாததற்கும் காரணம் இருந்தது. பிறந்ததிலிருந்து தோலிலேயே கிடந்தோமே தவிர, எங்களில் யார் காலிலும் தோல் ஏறியது கிடையாது. வாரா வாரம் வெறுங்காலோடு கோயிலுக்குப் போகிறவர்களுக்குக் கழற்றுவதைப் பற்றி என்ன தெரியும்? செருப்பைக் கழற்றினேன். வெளியே மேளம் ஓய்ந்தது. அப்பாவின் கை என் கையை இறுக்கிப் பிடித்தது. நிலைப்படியில் நின்றுவிட்டார்.

உள்ளே எல்லாத் தலையும் திரும்பியது. வெறும் குதியால் தரையை உதைத்துப் பார்த்தேன், சத்தமே வரவில்லை. மாப்பிள்ளையின் தாயார் முன்வரிசையில் எழுந்து நிற்பது தெரிந்தது. இதுவும் போச்சு என்று நினைத்தேன். அப்பா கண்ணில் தண்ணீர் நிறைந்து நின்றது.

அப்போது பெண்கள் உட்கார்ந்திருந்த பாயிலிருந்து, "ஹுஸ்."

அம்மா. இன்னொரு 'ஹுஸ்' சொல்லும்போது பக்கத்தில் இருந்தவரும் சேர்ந்துகொண்டார். பிறகு கொட்டகைப் பெண்கள் மொத்தப் பேரும். கல்யாணத்துக்கென்று வெளுத்த புடவை கட்டி வந்தவர்கள், உள்ளங்கையால் தரையைத் தட்டி மூச்சு விட்டார்கள். அப்பாவின் கால் எழும்பியது. பாதிரியார் புத்தகத்தைத் திறந்தபடியே நின்றார். பட்டை இடிக்கிற சத்தத்தில் நாங்கள் பீடம் போய்ச் சேர்ந்தோம்.

அதோடு முடிந்ததா? இந்த விவாகத்துக்குத் தடை சொல்ல யாராவது உண்டா என்று பாதிரியார் கேட்க வேண்டிய கட்டம் ஒன்று இருக்கிறதே! அவர் கேட்டுவிட்டு நிறுத்தினார். மாப்பிள்ளையின் தாயார் இருமினார். இருமல்தான், வேறொன்றும் இல்லை.

பந்தியில் அந்த அம்மாள் என் அம்மாவிடம் வந்தார். "முட்டி வலின்னு சொன்னீங்க." அம்மா தலையைக் குனிந்துகொண்டார். "அன்னிக்கே தெரியும். கட்டில்ல குந்திக்கினு கையத் தொடைக்கு அடியில வெச்சி அமுக்கிக்கினு இருந்தாரே. நான் பொண்ணப் பாத்துதான் வந்தேன். சோறு துன்னுங்க மொதல்ல." அன்றைக்குத்தான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

நான் சத்துவாச்சாரிக்கு வந்த பிறகு ஷாப்பில் பட்டை அரைக்கும் மிஷின் வந்தது. அதன் சத்தத்தில் விட்டு விட்டு விழுகிற அடி கிடையாது, ஓயாத ஒரே இரைச்சல். மிஷினை ஓட்டிய அன்றே பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா மட்டும் உள்ளே கூடையோடு நின்றுவிட்டார். வேலை போன பெண்கள் வெளியே போகாமல் அவரைச் சுற்றி நின்று, கையைத் தட்டி, தொண்டை கிழிய 'ஹுஸ், ஹுஸ்' என்றிருக்கிறார்கள். "எங்க சத்தம் எங்களுக்கே கேக்கல. அவரு எங்க வாயவே பாத்துக்கினு நின்னாரு" என்றார் அம்மா. கடைசியில் மிஷின்காரனிடம் கெஞ்சினார்கள், அவன் நிறுத்தவில்லை. பட்டை வண்டியில் தூக்கி வைத்து அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.