மடக்கிவிட்ட பச்சைக் கம்பி

குவைத்திலிருந்து லீவில் வந்த அக்காவின் கணவர், புத்தூரில் எங்கள் வீட்டுக்கு ஒரு கரண்ட் அடுப்பைப் பரிசாகக் கொண்டுவந்தார். அதன் பிளக் எங்கள் சாக்கெட்டில் நுழையவில்லை. உடனே பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு கம்பிகளை மட்டும் தீக்குச்சி வைத்துச் சாக்கெட்டில் செருகினார். மிச்சமிருந்த பச்சைக் கம்பியை மடக்கிவிட்டு, "இது சும்மா. குவைத்துல நான் பார்க்காத கரண்ட்டா?" என்றார். அங்கே அவர் டைப்பிஸ்ட்.

மறுநாள் காலை, அடுப்பில் பொங்கிய பாலை எவர்சில்வர் கரண்டியால் கிளறினேன். அடுத்த நொடி சுவரோரம் விழுந்து கிடந்தேன். கை தோள்வரை மரத்துப்போயிருந்தது. என் கணவர் ஓடிவந்து ஸ்விட்சை அணைத்தார்.

அந்த மேதை, படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடிக்காமலே, "வெறுங்காலோட நின்னா அப்படித்தான். செருப்பு போட்டுக்க வேண்டியதுதானே?" என்றார்.

"உங்க செருப்பு வாசல்லதான் இருக்கு அத்தான். போட்டுக்கிட்டு வந்து தொட்டுக் காட்டுங்க" என்றேன். பேப்பர் இன்னும் கொஞ்சம் உயர்ந்து அவர் முகத்தை மறைத்தது.

பிறகு எலக்ட்ரீஷியனை அழைத்து, அந்தப் பச்சைக் கம்பியை முறையாக எர்த்தில் சேர்த்து, மூன்று முள் பிளக் மாட்டினோம். இப்போதெல்லாம் ஸ்விட்சை அணைக்காமல் நான் பாத்திரத்தைத் தொடுவதில்லை. யார் கரண்ட் சாமான் கொண்டுவந்து மாட்டினாலும், முதல் காபியை அவரையே போடச் சொல்கிறேன்.