தோசை மாவும் வெள்ளணுக்களும்

எண்பதுகளின் தொடக்கத்தில் மலேசியாவின் ஈப்போவில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். ஒரு மதியம் என் தங்கையின் கணவர் வந்தார். ஜெலாப்பாங்கில் லாரி ஓட்டுபவர். ஒரு கையில் தங்கை கொடுத்தனுப்பிய தோசை மாவு. மறு கையில் டுரியான் பழத்தின் முள் குத்திச் சீழ் கட்டிய கட்டைவிரல்.

“சீழ்னா செத்த வெள்ளணுவாம், டாக்டர் சொல்றாரு. ரத்தம் ஒடம்பு பூரா ஓடுது. இந்த வெரலுக்கு மட்டும் வழி யாரு மச்சான் சொன்னது?”

“வாடை பிடிச்சு வரும்” என்றேன்.

“அதுக்கு மூக்கு இருக்கா?”

என்னோடு வேலை செய்த யாழ்ப்பாணத்து அக்கா சிரித்துவிட்டார். “காட்டிவிடுவமே” என்றார்.

மச்சானின் நல்ல விரலில் குத்தி, ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டோம். வெள்ளணுக்கள் ஒட்டிக்கொண்டதும் சிவப்பணுக்களைக் கழுவிவிட்டு, அவர் ரத்தத்தில் இன்னும் கொஞ்சம் எடுத்துப் பிரித்த தெளிநீரையே ஊற்றினோம். நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லாம் உருண்டு கிடந்தன.

“குளிருக்குள்ள அதுகள் அசையாது. ஏர்கோனை நிப்பாட்டுங்கோ.”

குளிரூட்டியை நிறுத்தினேன். மூவருக்கும் வியர்த்து ஊற்றியது. “என் அணு நடக்க நான் வேகணுமா லா?” என்றார் மச்சான்.

வாடை காட்டக் கிருமி வேண்டுமே, அதற்கு எங்கே போவது? புளித்த மாவில் துளி எடுத்துக் கலந்தேன். அணுக்கள் எழுந்தன, ஆனால் பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையின் கூட்டம்போல ஆளுக்கொரு பக்கம் அலைந்தன. மாவு எங்கும் சமமாகப் பரவிவிட்டது. ஒரு பக்கம் வாடை கூடுதலாக இருந்தால்தானே அவை திரும்பும்?

அக்கா வேறு தகட்டில் ஓரத்தில் மட்டும் மாவை வைத்தார். காத்திருந்தோம். ஓர் அணு முன்பக்கம் பிதுங்கி, வாலை இழுத்துக்கொண்டு மாவை நோக்கி ஊர்ந்தது. பின்னாலேயே மற்றவை. மச்சான் நாற்காலியை விட்டு எழவேயில்லை. ஒன்று விலகியபோது, “இந்தப் பக்கம்டா” என்று நுண்ணோக்கிக்குள் அதட்டினார்.

மேலாளர் உள்ளே வந்து, “ஏர்கோன் ரோசாக்கா?” என்று மலாய் கலந்து, பழுதா எனக் கேட்டார்.

“பழுதுதான். இப்ப சரியாப் போச்சு” என்று அக்கா பொத்தானை அழுத்தினார்.

விரல் ஆறிவிட்டது. எண்பதுகள் முடியும் சமயம் ஒரு மருத்துவ இதழில் படித்தேன்: கிருமியின் வாடை மட்டுமல்ல, புண்பட்ட இடத்தில் இருக்கும் நம் அணுக்களே ஒரு ரசாயனத்தைக் கசியவிட்டு வெள்ளணுக்களை அழைக்கின்றனவாம். அந்த வகை ரசாயனத்துக்குப் பின்னாளில் கெமோகைன் என்று பெயர் வைத்தார்கள். படித்ததுமே மச்சானுக்குப் போன் போட்டேன்.

“அப்ப அன்னைக்கு என் வெரலு என்னைக் கேக்காமலே ஆள் கூப்பிட்டிருக்கு” என்றார். குரலில் லேசான மனத்தாங்கல்.