லென்ஸை மாத்திட்டீங்களா?

அடுத்தவர் பொருளைத் திறந்து பார்த்துப் பிழைக்கிற தொழில் எதுவானாலும், திறந்தவன் திருடன்தான். வாட்ச், ரேடியோ, தையல் மிஷின் என்று ரிப்பேர் பார்த்தவர்களே, நான் பட்டது உங்களுக்குப் புரியும். எண்பதுகளில் அரியலூரில் ஒரு ஸ்டுடியோ வாசலில் மேசை போட்டு, பழைய சின்னக் கேமராக்களைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சிங்கப்பூரிலிருந்தும் சவுதியிலிருந்தும் வந்தவை. பீரோவில் துணிக்கு நடுவே கிடந்து லென்ஸுக்குள் பூசணம் பூத்துவிடும். பொருளை மாற்றிவிட்டான் என்று ஒரு பேச்சு வந்தாலும் மேசையைத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும் என்று ஸ்டுடியோ முதலாளி ராமலிங்கம் அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார். என் குடும்பமே அந்த மேசையை நம்பித்தான் இருந்தது.

காவலுக்கு ஒரு மச்சினன்

ஆண்டிமடத்து முந்திரி வியாபாரி ஒருவர் வந்தார். துடைக்கிறதுக்குப் போய்க் கூலி கேட்பார்களா, வேட்டி முனையே போதுமே என்று ஆரம்பித்தார். பூசணம் உள்ளே இருக்கிறது, திருகாணியைக் கழற்றி ஸ்பிரிட் போட்டுத் துடைக்கணும் என்றேன். 'உள்ளே' என்றதும் ஆள் உஷாராகிவிட்டார். மச்சினனை என் எதிரே காவலுக்கு உட்கார வைத்துவிட்டு மண்டிக்குப் போனார்.

மச்சினன் எங்கேயோ கல்யாணச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நேரே வந்திருப்பான் போல. முதல் திருகாணி கழலும்போதே தலை சாய்ந்துவிட்டது. குறட்டை வேறு. துடைத்து, மூடி, உறையில் போட்டு அவனை எழுப்பினேன். வாயைத் துடைத்துக்கொண்டு என்னை முறைத்தான். "முடிஞ்சுதா? நீங்க பண்ணுனது அத்தனையும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

பேர் வெட்டிய லென்ஸ்

திருமானூர் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவர். விசாரிக்க வந்த அன்றே என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனவர். மறுபடி கேமராவோடு வந்தபோது முகத்தில் ஒரு தெம்பு. வாங்கிப் பார்த்தால், அடக் கடவுளே, சீர்வரிசைக் குடத்துக்குப் பேர் வெட்டுகிற ஆளிடம் கொடுத்து, லென்ஸ் மேலேயே தன் பேரின் முதல் எழுத்தைச் 'சு' என்று வெட்டி வாங்கி வந்திருந்தார்.

பூசணத்தைத் துடைக்கலாம், இதை எந்தச் சாமி வந்தாலும் துடைக்க முடியாது, இனி எடுக்கிற படமெல்லாம் கலங்கித்தான் விழும், கூலியை வீணாக்காதீங்க என்றேன். மனுஷன் அசரவே இல்லை. "படம் வராட்டிப் போவுது. இனிமே எவனும் மாத்த முடியாதுல்ல?"

காசு வேண்டாம் என்றது தப்பு

இந்தத் தடவை சந்தேகப்பட்டவன் நான். பெரம்பலூரிலிருந்து வந்த அந்தப் புது மாப்பிள்ளைக்குக் கேமராவின் பின்கதவை எப்படித் திறப்பது என்றே தெரியவில்லை. திருட்டுச் சாமானோ என்று துருவித் துருவிக் கேட்டேன். மாமனார் கொடுத்ததாம். திறந்து பார்த்தால், மருமகன் சாமானைச் சோதிக்கிறார் என்று பேச்சு வருமாம். ஊட்டியில் எடுத்த படங்களைக் கழுவிவிட்டு, அப்படியே கேமராவையும் துடைத்துக் கொடுக்கச் சொன்னார்.

திறந்தேன். லென்ஸ் சுத்தமாக இருந்தது, பிலிம்தான் இல்லை. மாமனார் பிலிம் போட்டுத்தான் கொடுத்திருப்பார் என்று நினைத்து ஊட்டி முழுக்க அமுக்கித் தள்ளியிருக்கிறார். பாவமாக இருந்தது. துடைக்க ஒன்றுமில்லை, காசு வேண்டாம் என்றேன். அவர் குரல் மாறிவிட்டது. "காசு வேணாங்கிறப்பவே தெரியுதே. பிலிமை எங்க வச்சிருக்கீங்க?"

தெளிவாக விழுந்த படம்

லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஜுலைகா என்ற பெண் மாமியாரோடு வந்தார். புருஷன் சவுதியில், பிறந்த பிள்ளையை இன்னும் பார்க்கவில்லை. அனுப்புகிற படமெல்லாம் பிள்ளையைப் புகைக்குள் உட்கார வைத்த மாதிரி இருக்கிறதாம். துடைக்கிற கூலிக்கு ஸ்டுடியோவிலேயே படம் எடுத்துவிடலாம் என்று உள்ளதைச் சொன்னேன். பிள்ளை வீட்டில் விளையாடுவதைத்தான் அதோட அத்தா பார்க்கணும் என்கிறார் என்று ஜுலைகா சொன்னதால் துடைத்துக் கொடுத்தேன்.

அடுத்த பிலிமை எங்கள் ஸ்டுடியோவிலேயே கழுவினோம். பிள்ளையின் கன்னத்து மைப்பொட்டுகூடத் தெரிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாமியார் படத்தைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எங்க கேமராவில் இப்படி விழாது, இது வேற கேமரா, மாத்திட்டான் என்று சத்தம் போட ஆரம்பித்தார். கடையே திரும்பிப் பார்த்தது. ராமலிங்கம் அண்ணன் கல்லாவை விட்டு எழுந்து வந்து என் மேசை பக்கத்தில் நின்றார். மங்கலாக விழுந்தால் லென்ஸைத் திருடினேன், தெளிவாக விழுந்தால் கேமராவையே திருடினேன், நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஜுலைகா கேமராவை வாங்கி, கண் வைத்துப் பார்க்கிற கண்ணாடியின் ஓரத்தில் இருந்த விரிசலைக் காட்டினார். "கேமரா நம்மளதுதான் மாமி. புள்ளையத் தூக்குறப்ப நான்தான் இதக் கீழ போட்டுட்டேன். ஒங்களுக்குப் பயந்துக்கிட்டு சொல்லல." நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார். எனக்காக அந்தப் பெண் வீட்டில் ஏச்சு வாங்கப்போகிறார். அண்ணன் கல்லாவுக்குத் திரும்பிப் போனார். மாமியார் விரிசலைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அப்ப காசு வாங்குன ஆளு, இந்த விரிசலை ஏன் தொடைக்காம வுட்ட?"

பழைய கேமராவைக் காசு கொடுத்துத் துடைப்பது கட்டுப்படியாகுமா என்று கேட்டால், கொடுக்கிறவருக்குத் தாராளமாக ஆகும், துடைக்கிறவனுக்குத்தான் ஆகாது என்பேன்.