இருபத்தாறை மறுத்த மாரிகா

மே பதினேழாம் தேதி மதியம் ஒன்றேகாலுக்குப் பேராசிரியர் அமத்ரூதா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். காலை ஒன்பது மணி வாய்மொழித் தேர்வுக்கு அவர் வந்து சேர்ந்ததே பதினொன்றரைக்குத்தான்.

"இருபத்தாறு. ஏத்துக்கிறியா?"

முப்பதுக்கு இருபத்தாறு. மாரிகா இயோவினே மனக்கணக்குப் போட்டாள். இது இருபதாவது தேர்வு, கடைசித் தேர்வு. இதை ஏற்றால் மொத்தச் சராசரி இருபத்தாறு புள்ளி ஒன்பது. அவளுக்கு வேண்டியது இருபத்தேழு.

"இல்ல, ப்ரொஃபஸர். மறுபடி வரேன்."

பின்வரிசையில் காத்திருந்தவர்கள் மெல்ல மேசையைத் தட்டினார்கள். இத்தாலியில் கொடுத்த மதிப்பெண்ணை மறுத்து மறுபடி தேர்வுக்கு வரலாம்; நாப்போலியில் அப்படி மறுத்துவிட்டு எழுவதில் ஒரு மிடுக்கு உண்டு. இருபத்தைந்தையும் இருபத்தாறையும் வாங்கிக்கொண்டு போகிறவர்களைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

"பலே!" என்றாள் படிக்கட்டில் காத்திருந்த லொரெதானா. இருவரும் முதல் வருடத்திலிருந்தே ஒன்றாகப் படிப்பவர்கள். "அந்தக் கிழவனுக்கு அப்படித்தான் சொல்லணும். ஜூன்ல வந்து முப்பதா வாங்கு."

"இருபத்தெட்டு போதும்டி."

ரோமிலிருந்த ஒரு நிவாரண அமைப்பு, சாட் நாட்டின் கிழக்கெல்லை அகதி முகாம்களில் தண்ணீர் வினியோகத்தைக் கவனிக்க ஒரு வருடத்துக்கு ஆள் எடுத்தது. நிபந்தனை இரண்டு. சராசரி இருபத்தேழு, ஜூன் முப்பதுக்குள் எல்லாத் தேர்வும் முடிந்திருக்க வேண்டும்.

உலகத்தைக் காப்பாற்றும் எண்ணமெல்லாம் மாரிகாவுக்கு இல்லை. மூன்று கோடைகளுக்கு முன்னால், கடலில் மீட்கப்பட்ட இருநூறு பேரோடு ஒரு கப்பல் துறைமுகத்துக்கு வந்தது. தண்ணீர் கொடுக்கத் தொண்டர்கள் வேண்டும் என்றார்கள்; போனாள். கிடங்கு நிறையத் தண்ணீர்ப் புட்டிகள் இருந்தன. சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். நாற்பது நிமிடம், ஐந்தடி தூரத்தில் தண்ணீர், நடுவில் ஒரு பூட்டு. ஒரு பெண் தன் குழந்தையின் உதட்டைத் தன் எச்சிலால் நனைத்துக்கொண்டிருந்தாள். அன்று மாரிகாவுக்கு வந்தது இரக்கமில்லை, ஆத்திரம். அந்த ஆத்திரத்தோடுதான் இந்தச் சர்வதேசச் சட்டப் படிப்பில் சேர்ந்தாள். சேர்ந்தபின் படித்ததெல்லாம் வரையறைகள், உடன்படிக்கைகள், தேதிகள். பூட்டை எப்படித் திறப்பது என்று எந்த வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை.

ஜூன் தேர்வு இருபத்தாறாம் தேதி. பத்தொன்பதாம் தேதி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தவிர்க்க முடியாத காரணங்களால் தேர்வு ஜூலை எட்டுக்குத் தள்ளிவைக்கப்படுகிறது.

"அப்படி என்ன காரணம்?" என்று வாயிற்காவலரிடம் கேட்டாள்.

"அவரு பொண்ணுக்குக் கல்யாணம்மா. இஸ்கியா தீவுல. நானூறு பேருக்குச் சாப்பாடாம்."

கல்யாணத்தின் மேல் எப்படிக் கோபப்படுவது? மூன்று நாள் அவர் அறை வாசலில் காத்திருந்தாள். மூன்றாம் நாள் படிக்கட்டில் பிடித்தாள்.

"ப்ரொஃபஸர், நான் ஒருத்திதான். பத்து நிமிஷம் போதும். முப்பதாம் தேதிக்குள்ள முடிக்கலேன்னா என் வேலை போயிடும்."

"நீ... இயோவினே, இல்ல? நான் இருபத்தாறு குடுத்தேனே. நல்லாத்தானே சொன்னே. ஏன் வேணாம்னே?"

காரணத்தைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ஒருத்தருக்குக் கதவைத் திறந்தா எல்லாருக்கும் திறக்கணும், கண்ணு. சட்டம் படிக்கிற பொண்ணு, உனக்குத் தெரியாததா? அந்த ஜனங்க எங்க போயிடப் போறாங்க? அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருப்பாங்க."

ஆறுதலாகத்தான் சொன்னார். தோளில் தட்டிவிட்டுப் படியிறங்கினார்.

அன்று மாலையே மாரிகா ரோமுக்குத் தொலைபேசினாள். பத்து நாள் மட்டும் அவகாசம் கிடைக்குமா என்று கேட்டாள். எதிர்முனையில் பேசிய பெண்மணி கனிவானவர்.

"தேதியை மாத்த முடியாதும்மா. அந்த இருபத்தாறை வாங்கியிருந்தா எவ்வளவு வந்திருக்கும்?"

"இருபத்தாறு புள்ளி ஒன்பது."

"அதை நாங்க இருபத்தேழாத்தானே எடுத்துக்குவோம்."

"அறிவிப்புல அப்படிப் போடலியே!"

"யாரும் கேக்கலியேம்மா. ஒரு ஃபோன் போட்டிருந்தா சொல்லியிருப்போம். நீ எதுக்கு அதை வேணாம்னே?"

மாரிகா தொலைபேசியை வைத்துவிட்டாள். லொரெதானாவிடம் சொன்னபோது அவள் முதலில் நம்பவில்லை. பிறகு, "நானா இருந்தாலும் மறுத்திருப்பேன்டி" என்றாள். அது உண்மை. அவர்களில் யாராக இருந்தாலும் முதலில் மறுத்திருப்பார்கள், பிறகுதான் விசாரித்திருப்பார்கள்.

ஜூலை எட்டாம் தேதி பேராசிரியர் வெயிலில் கறுத்து, உற்சாகமாக வந்தார். அவளிடம் ஒரே கேள்விதான். போர்க்காலத்தில் நிவாரணப் பொருட்கள் விஷயத்தில் நாடுகளின் கடமை என்ன?

"தாமதமில்லாம, தடையில்லாம போக விடணும், ப்ரொஃபஸர்."

"விளக்கமா சொல்லு."

சொன்னாள். சாவி, பூட்டு, நாற்பது நிமிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இருபது நிமிடம் நிறுத்தாமல் பேசினாள். குரல் உயர்ந்தது அவளுக்கே தெரிந்தது. பின்வரிசைப் பேச்சு அடங்கியது.

"அருமை," என்றார் அமத்ரூதா. "முப்பது. அதுக்கு மேல பாராட்டும் போட்டுடறேன். இந்தத் தடவையாவது ஏத்துக்கிறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். மறுத்துவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. முப்பதுக்கு மேல் கேட்க எதுவும் இல்லை.

"ஏத்துக்கிறேன்."

வெளிக்கதவருகே அம்மா ரஃபயேலா நின்றிருந்தாள். அந்த இடத்தில் நிற்பது அப்பாவின் வழக்கம். பத்தொன்பது தேர்வுக்கும் அங்கேதான் நின்றார், மகள் வெளியே வந்ததும் ஒரே ஒரு சொல்தான் கேட்பார். பிப்ரவரியில் அவரை அடக்கம் செய்தபின் மாரிகா போன முதல் தேர்வு மே மாதத்தது. அன்று அங்கே யாரும் இல்லை. இன்று அம்மா கையில், பட்டம் வாங்கும்போது எல்லோருக்கும் கொடுக்கும் சிவப்புச் சர்க்கரை பூசிய பாதாம் பொட்டலம்.

"எத்தனை?"

"முப்பது. பாராட்டோட."

"அப்போ... போயிடுவியா?"

"இல்லம்மா. அந்த இடத்துக்கு வேற ஆள் போயாச்சு."

அம்மாவின் முகத்தில் நிம்மதி வந்து போனது. மறைக்க நினைத்தாள், முடியவில்லை.

"நல்லதாப் போச்சுன்னு நான் சொல்லல, என் உயிரே," என்றாள் அம்மா.

"சொல்லாதே."

இருவரும் பேருந்தில் ஏறினார்கள். பாதாம் பொட்டலம் பிரிக்கப்படாமல் அம்மா மடியில் கிடந்தது. மூன்றாவது நிறுத்தம் தாண்டியதும் மாரிகா தொலைபேசியை எடுத்தாள். ரோமில் அதே பெண்மணி.

"அடுத்த வருஷத்துக்கு எப்போ விண்ணப்பிக்கணும்?"

"ஜனவரியிலம்மா."

"சரி. எழுதிக்கப் போறேன், மெதுவா சொல்லுங்க. அறிவிப்புல போடாத விதி இன்னும் என்னென்ன இருக்கு?"